அம்மாவோட எக்ஸ்ரேல இருந்த காக்ஸ்

போன வருஷம் அம்மாவுக்கு வலது கண்ணுல பொறை எடுக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி, சுகர், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரேன்னு ஒரு சீட்டு நிறைய எழுதிக் குடுத்தாங்க. எல்லாம் எடுத்துட்டு ஒரு பிசிஷியன் கிட்ட போய் உக்காந்தோம். அவர் எக்ஸ்ரேவ வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தார், தலைய ஒரு பக்கமா சாய்ச்சுப் பாத்தார், அப்புறம் அம்மாவ விட்டுட்டு என்னப் பாத்து, "அம்மாவுக்கு முன்னாடி காக்ஸ் இருந்துச்சா?"ன்னு மெதுவாக் கேட்டார்.

எனக்குப் புரியல. எங்கம்மா கூல் ட்ரிங்க்ஸே குடிக்க மாட்டாங்க சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. அம்மாவுக்கோ ரெண்டு காதும் மந்தம், அவங்களுக்கு எதுவும் விழல, டாக்டர் ரூம்ல இருந்த காலண்டரப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ரிப்போர்ட்ல பாத்தா அதே வார்த்தைதான் எழுதியிருக்கு. வலது நுரையீரல் மேல்பகுதில தழும்பு, ஓல்டு ஹீல்டு காக்ஸ், இப்ப பயப்பட ஒன்னும் இல்லைன்னு. வெளில வந்து ஃபோன்ல தேடினப்பதான் தெரிஞ்சுது, காக்ஸ்ங்கறது நோயோட பேரே இல்ல, ஒரு மனுஷன் பேரு. ராபர்ட் காஃக். ஜெர்மன்காரர். 1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லின்ல ஒரு கூட்டத்துல எழுந்து நின்னு, இந்த நோய் பரம்பரையா வர்றது இல்ல, ரத்தக் கோளாறும் இல்ல, இதோ இந்தக் கிருமிதான் காரணம்னு மைக்ரோஸ்கோப்ல காட்டினவர். அந்தத் தேதியத்தான் இப்பவும் உலக டிபி தினம்னு கொண்டாடுறோம்.

நம்மூர் டாக்டருங்க டிபின்னு வாய் விட்டுச் சொல்ல வேணாம்னு நினைக்கிறப்ப அவர் பேரச் சொல்லிக்கிறாங்க. பக்கத்துல நிக்கிற நோயாளிக்கும் வெளில காத்திருக்கிற கூட்டத்துக்கும் புரியாது பாருங்க, அதுக்கு. நல்ல எண்ணத்துலதான் செய்றாங்கன்னு வச்சுக்குவோம், ஆனா வாழ்க்கை பூரா ஒளிஞ்சுகிட்டிருந்த கிருமிய வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வந்த மனுஷனோட பேரையே அத ஒளிச்சு வைக்கிற துணியா ஆக்கிட்டோமேன்னு எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

சாயங்காலம் காபி குடுத்துட்டு, மெஷின் மாட்டியிருக்கிற காதுப் பக்கமா உக்காந்து, "அம்மா, உனக்கு டிபி இருந்துச்சா?"ன்னு நேராக் கேட்டேன். அம்மா டம்ளரக் கீழ வச்சாங்க. ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம், "இளைப்பு இருந்துச்சு"ன்னாங்க.

1978ல. அப்ப அம்மாவுக்கு 19 வயசு. கல்யாணம் பேசிட்டு இருந்த நேரம். சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வைல ஜாக்கெட்டு நனைஞ்சிரும், உடம்பு அப்படியே வத்திப் போச்சு. திருவையாத்துப் பக்கம் இருந்து குரோம்பேட்டைல இருந்த எங்க பெரிய மாமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்க, ஊர்ல கேட்டா டைப்ரைட்டிங் படிக்கப் போயிருக்கான்னு சொல்லி. தினமும் ஒரு ஊசி, ரெண்டு மாசத்துக்கு மேல, அதுக்கப்புறம் மாத்திரை மட்டும் ஒன்றரை வருஷம். "ஊசி போட்ட எடம் கட்டி கட்டியா நிக்கும்டி, உக்கார முடியாது, பஸ்ல சீட்டு குடுத்தாக்கூட நின்னுட்டே வருவேன்"னாங்க. அந்த ஊசி ஸ்ட்ரெப்டோமைசின்தான். உயிரக் காப்பாத்தின மருந்து, 1943ல கண்டுபுடிச்சது, ஆனா காது நரம்பப் பாதிக்கும். அப்பதான் எனக்கு மண்டைல உறைச்சுது. ஏழெட்டு வருஷம் முன்னாடி காது டாக்டர் ஒருத்தர், சின்ன வயசுல தொடர்ந்து ஊசி ஏதாவது போட்டுகிட்டீங்களான்னு கேட்டப்ப அம்மா கொஞ்சங்கூட யோசிக்காம இல்லையேன்னு தலையாட்டினாங்க. நாங்களும் அத நம்பி, எல்லாம் குக்கர் விசில் கேட்டுக் கேட்டு வந்த மந்தம்னு சிரிச்சிட்டு விட்டுட்டோம்.

இளைப்பு. இந்த ஒரு வார்த்தைதான் என்னப் புடிச்சுகிச்சு. அம்மா அதுக்கு டிபின்னோ காசநோய்னோ சொல்லல பாருங்க. அன்னைல இருந்து ஒரு மூனு மாசம் நான் இந்தப் பேருங்க பின்னாடியே அலைஞ்சேன், கண்டுபுடிக்கிறத எல்லாம் அம்மா காதுல கத்திச் சொல்லுவேன், அவங்க ஏதாவது ஒன்னு சொல்லுவாங்க. இந்தப் பதிவே அப்படித்தான் சேந்துச்சு.

மொதல்ல ட்யூபர்குளோசிஸ். லத்தீன்ல ட்யூபர்னா புடைப்பு, முண்டு. இங்கிலீஷ்ல அதே வார்த்தைதான் கிழங்குக்கும். ட்யூபர்குலம்னா அதோட குட்டி, சின்ன முண்டு. செத்தவங்க உடம்ப அறுத்துப் பாத்த டாக்டருங்க நுரையீரல்ல சின்னச் சின்னதா முடிச்சு முடிச்சா இருந்தத 17ஆம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் பிரான்ஸ்ல லெனெக்னு ஒருத்தர், 1816ல ஸ்டெதஸ்கோப்ப கண்டுபுடிச்சாரே அவரேதான், நுரையீரல்ல இருக்கிற முடிச்சு, மத்த எடத்துல இருக்கிற முடிச்சு எல்லாம் ஒரே நோய்தான்னு சொன்னார். சொன்னவரே 1826ல இதே நோய்ல போய்ட்டார். 1830கள்ல ஷோன்லைன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் ட்யூபர்குளோசிஸ்னு பேரு வச்சார். அப்ப இந்த நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம்னு யாருக்கும் தெரியாது. அதாவது நாம இன்னைக்கு டிபி டிபின்னு பயந்துகிட்டுச் சொல்றதுக்கு அர்த்தம் எடுத்தா, குட்டிக்கிழங்கு நோய். அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை. பூக்கடைல விக்கிற சம்பங்கி இருக்கே, வெள்ளையா நீட்டமா, மாலை கட்டுவாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல ட்யூப்ரோஸ். நான் இத்தன நாளா ட்யூப் மாதிரி இருக்கிற ரோஸ்னு நினைச்சிருந்தேன். ரோஸும் கிடையாது ட்யூபும் கிடையாது, ட்யூபரோசா, கிழங்குல இருந்து வளர்ற செடின்னு அர்த்தம், டிபியும் சம்பங்கியும் ஒரே வேர்ச்சொல்லுல முளைச்சது. அம்மா கிட்ட சொன்னேன். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போட்டிருந்த சம்பங்கிச் சரத்த நிமிந்து பாத்துட்டு, "இனிமே அதையும் வாங்க வேணாங்கறியா?"ன்னாங்க.

டாக்டருங்க கண்ணு பூரா சமையல்கட்டுலதான் இருந்திருக்கு போல. கிருமி ரத்தத்துல கலந்து நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாப் பரவிட்டா மிலியரி டிபிம்பாங்க, மிலியம்னா லத்தீன்ல சிறுதானியம், எக்ஸ்ரேல பாத்தா யாரோ தினைய வாரி இறைச்ச மாதிரி இருக்கும். முடிச்சுக்குள்ள திசு அழுகி வெள்ளையா மாவு மாதிரி ஆகுறதுக்கு கேசியேஷன், அது சீஸுக்கான லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, நம்ம பாஷைல பன்னீராகுறது. கிழங்கு, தினை, பன்னீர். அறுத்துப் பாத்தவன் வச்ச பேரு இதெல்லாம். நோயாளி அந்த முடிச்ச ஒரு நாளும் பாத்திருக்க மாட்டான்.

நோய அனுபவிச்சவங்க வச்ச பேரு வேற மாதிரி. கிரேக்கத்துல தைசிஸ், இங்கிலீஷ்ல எழுதுறப்ப முன்னாடி பி, எச்னு ரெண்டு எழுத்து வரும் ஆனா வாய்ல வராது, தேய்றது, கரையுறதுன்னு அர்த்தம். ஹிப்போகிரடீஸ் பேர்ல இருக்கிற பழைய வைத்திய வரிகள்ல, இது பெரும்பாலும் 18 வயசுல இருந்து 35 வயசுக்குள்ள வரும்னு இருக்கு. அம்மாவுக்கு 19. அத வாசிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் ஃபோனக் கீழ வச்சிட்டேன். இங்கிலீஷ்காரங்க ரொம்ப நாள் கன்சம்ப்ஷன்னு சொன்னாங்க, ஆளத் தின்னு தீக்குறது. இப்ப அதே வார்த்தைய கரண்டு பில்லுல யூனிட்டு கணக்குக்குப் போட்டிருக்கோம்.

நம்ம பக்கம் எலும்புருக்கி. இத நிறைய பேரு எலும்புல வர்ற டிபின்னு நினைக்கிறாங்க. எலும்புலயும் டிபி வரும்தான், முதுகுத்தண்டுல வந்து கூன் விழ வைக்கும், அது வேற கதை. ஆனா எலும்புருக்கிங்கற பேரு அதுக்கு வச்சதா எனக்குத் தோணல. சதையெல்லாம் போய் எலும்பும் தோலுமா ஆகி, கடைசில எலும்பையும் உருக்கிருமோன்னு வீட்ல இருக்கிறவங்க பாத்துப் பயந்து வச்ச பேரு. அம்மாவோட இளைப்பும் அந்த வகைதான்.

அப்புறம் க்ஷயம். இதுலதான் நான் மாட்டிகிட்டேன். க்ஷயம்னா குறையுறது, தேய்றது. தெலுங்குல க்ஷய, கன்னடத்துல க்ஷய, மலையாளத்துல க்ஷயம், சிங்களத்துலகூட க்ஷய ரோகய. தமிழ்ல சயரோகம், கயரோகம்னு பழைய புஸ்தகத்துல கெடக்கு. இதுக்கு முன்னாடி ஒரு அ போட்டுப் பாருங்க. அக்ஷயம். குறையாதது. மணிமேகலை கைல இருந்த அமுதசுரபிய நாம அட்சய பாத்திரம்னு சொல்றோமே, நகைக்கடைல கியூ கட்டி ஒரு கிராம் காசு வாங்குறோமே அட்சய திருதியைன்னு, அந்த அட்சயத்துல இருந்து ஒரு எழுத்த எடுத்துட்டா எங்கம்மாவுக்கு வந்த நோய்.

நோய்க்கு ராஜயக்ஷ்மான்னும் ஒரு பேரு, ரிக்வேதத்துலயே இருக்கு, சரக சம்ஹிதைல ஒரு முழு அத்தியாயமே உண்டு. ஏன் ராஜான்னா, நோய்களுக்கெல்லாம் ராஜான்னு ஒரு விளக்கம், ராஜாவுக்கே வந்த நோய்னு இன்னொரு விளக்கம். அந்த ராஜா யாருன்னா சந்திரன். நான் இத அம்மாவுக்கு ஆரம்பிச்சேன், தட்சனுக்கு 27 பொண்ணுங்க, அத்தன பேரையும் சந்திரனுக்குக் கட்டிக் குடுத்தானாம்னு, அம்மா கைய நீட்டி நிறுத்துன்னாங்க.

"ரோகிணி கிட்டயே குடியிருந்தான், மத்தவளுங்க அப்பங்காரன் கிட்ட போய் அழுதாளுங்க, நீ தேஞ்சு போன்னு சாபம் விட்டான். எனக்குத் தெரியும்டி. எங்கம்மா என்ன திங்களூருக்குக் கூட்டிட்டுப் போச்சு."

திங்களூர் திருவையாத்துல இருந்து பக்கம்தான், சந்திரன் கோயில்னு சொல்லுவாங்க, அப்பூதியடிகள்ங்கற நாயனாரோட ஊர். அம்மாச்சி ஊசிக்காகக் குரோம்பேட்டைக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே தொடர்ந்து திங்கக்கிழமைல அம்மாவ அங்க கூட்டிட்டுப் போயிருக்காங்க. அம்மா அப்ப கல்யாணத்துக்கு வேண்டிக்கிறாங்க போலன்னு நினைச்சிருக்காங்க. சந்திரனுக்கும் இதே சீக்குதான், அவன் சிவனப் புடிச்சு மறுபடியும் வளர ஆரம்பிச்சான்னு அம்மாச்சி மனசுல ஒரு கணக்கு. வெளில யார்கிட்டயும் நோய் பேரு சொல்லாத மனுஷி, சரியான விலாசத்துக்கு மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கு. எனக்கு சாமி நம்பிக்கை பெருசா கிடையாது. ஆனா அந்தக் கதைய உண்டாக்கினவன், மாசத்துல பாதி நாள் தேஞ்சு பாதி நாள் வளர்றத ஒரு நோயாளியோட உடம்பா பாத்திருக்கான் பாருங்க, அவன் வீட்ல யாரோ படுத்திருந்திருக்கணும்.

சரி, அப்ப காசம்? இதுதான் எனக்கு ஏமாத்தமா இருந்த பேரு. காசம்னா சமஸ்கிருதத்துல வெறும் இருமல். அக்கம்பக்கத்து பாஷையெல்லாம் தேய்றதுங்கற அர்த்தத்துலயே நின்னுருக்க, நம்ம கவர்மெண்டு போர்டுல எல்லாம் இருமல் நோய்னு அர்த்தம் வர்ற பேரு ஏறி உக்காந்துருச்சு. நுரையீரல்ல வந்தா சரிதான், இருமுறப்ப காத்துல கலக்குற கிருமியாலதான் பரவுது. ஆனா கழுத்துல நெறி கட்டி வர்ற டிபில இருமலே இருக்காது. அதுக்கு நம்ம வைத்தியத்துல கண்டமாலைன்னு பேரு, கழுத்துல மாலை போட்ட மாதிரி வரிசையா கட்டி. ஐரோப்பால அதையே ராஜா தொட்டா குணமாயிரும்னு நம்பி கியூல நின்னுருக்காங்க, இங்கிலீஷ் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன சின்னப் புள்ளைல 1712ல ஆன் ராணி கிட்ட கூட்டிட்டுப் போய்த் தொட வச்சாங்க. குணமாகல, கழுத்துல தழும்போடதான் கடைசி வரைக்கும் இருந்தார்.

இன்னொன்னும் சொல்லணும். பழைய கண் வைத்தியத்துலயும் ஒரு காசம் வருது, அது வேற சொல்லு, கண்ணாடிங்கற அர்த்தத்துல, ஹிந்தில காஞ்ச்னு சொல்றாங்களே அதுக்குச் சொந்தம். பார்வை மங்குற நோய். தமிழ்ல எழுதுறப்ப ரெண்டும் ஒன்னாயிருச்சு. ஆக எங்கம்மா ஒரு காசத்த எடுக்கப் போய் நாப்பது வருஷத்துக்கு மேல மறைச்சு வச்ச இன்னொரு காசத்துல மாட்டிகிட்டாங்க.

நாங்க இப்பவும் அந்தப் பக்கம்தான் இருக்கோம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல சானடோரியம் ஸ்டேஷன். காலைல மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போற கூட்டம் அங்க கொட்டும், "சானடோரியம் எறங்குறவங்க முன்னாடி வாங்க"ன்னு குரல் கேக்கும், ஆனா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பாதிப் பேரு சானிட்டரி கம்பெனி இருந்திருக்கும்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். லத்தீன்ல சனாரேன்னா குணமாக்குறது. டேவிட் சவுரிமுத்துங்கற டாக்டர் 1928ல பச்சமலை ஓரமா 250 ஏக்கர்ல 12 படுக்கையோட ஆரம்பிச்ச காசநோய் மருத்துவமனை அது, 1937ல கவர்மெண்டு எடுத்துகிச்சு. மருந்தே இல்லாத காலம், நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். அதே டாக்டர் அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலைல சானடோரியம் நடத்தினப்ப, 1917ல அங்க வந்து படுத்திருந்த ஒரு நோயாளி கணித மேதை ராமானுஜன். ராமானுஜனுக்கு வந்தது டிபியே இல்ல, கல்லீரல்ல அமீபா தொத்துன்னு 1994ல ஒருத்தர் எழுதினார், அது நம்புற மாதிரிதான் இருக்கு. எப்படியோ, 1920 ஏப்ரல் 26ல சேத்துப்பட்டுல போய்ட்டார், 32 வயசு.

அதே சேத்துப்பட்டுலதான் 1956ல டிபி ஆராய்ச்சி மையம் ஒன்னு ஆரம்பிச்சாங்க. அங்க செஞ்ச ஒரு வேல உலகத்தையே திருப்பிப் போட்டுச்சு. மெட்ராஸ்ல இருந்த ஏழை நோயாளிங்கள ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவ சானடோரியத்துல வச்சு நல்ல சாப்பாடு ஓய்வோட மருந்து குடுத்தாங்க, இன்னொரு பிரிவ நெரிசலான சொந்த வீட்லயே விட்டு மருந்து மட்டும் குடுத்தாங்க. குணமானதுல பெரிய வித்தியாசமே இல்ல, வீட்ல கூட இருந்தவங்களுக்கும் அதனால அதிகமாப் பரவல. 1959ல இத வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா சானடோரியத்துக்கு அவசியமே இல்லாமப் போச்சு. 1978ல எங்கம்மா ஆஸ்பத்திரில படுக்காம மாமா வீட்ல இருந்தே ஊசி போட்டுகிட்டதுக்கும், அதனாலயே இத இவ்வளவு நாள் மறைக்க முடிஞ்சதுக்கும் அந்த ஆராய்ச்சிதான் காரணம்னு யோசிச்சா எனக்கு சிரிப்பும் வந்துச்சு.

"அப்பாவுக்குத் தெரியாதா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். அப்பா போய் ஆறு வருஷமாச்சு.

"உங்கப்பாவுக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே உங்க மாமா தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அவங்கம்மாவுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா நீ ஏது?"

இப்ப மாத்திரை ஆறு மாசம்தான், சாதாரண டிபின்னா. செகப்பா இருக்குமே ரிஃபாம்பிசின், குடிச்சா ஒண்ணுக்கு ஆரஞ்சா போகும், அத இத்தாலில கண்டுபுடிச்சவங்க அப்ப ஓடிட்டிருந்த ரிஃபிஃபிங்கற, கொள்ளையடிக்கிற கதை உள்ள ஒரு ஃப்ரெஞ்சுப் படத்தோட பேர வச்சு செல்லமாக் கூப்பிட்டு, அதுவே மருந்து பேரா ஆயிருச்சு. அம்மாவோட காலத்துல அது இங்க எட்டாத வெலை. கவர்மெண்டுல நோயாளிக்கு சாப்பாட்டுக்குன்னு மாசம் 500 ரூபா குடுத்துட்டு இருந்தாங்க, 2024 நவம்பர்ல இருந்து 1000. அந்தத் திட்டத்துக்கு பேரு நிக்ஷய். நி-க்ஷய், க்ஷயம் இல்லாம ஆக்குறது. தமிழ்நாட்டுல நாம தள்ளி வச்ச பழைய வார்த்தை டெல்லி வழியா சுத்தி நம்ம வீட்டு வாசலுக்கே வந்துருச்சு, ஆனா அதுல க்ஷயம் இருக்கிறது இங்க யார் காதுலயும் விழுறதில்ல.

வாசலுக்கு வந்துச்சுன்னு சும்மா சொல்லல. இந்த மாசிலதான், சுகாதாரத்துல இருந்து ஒரு பொண்ணு எங்க ஃப்ளாட்டுக்கு வந்துச்சு, கைல ஃபோன், கழுத்துல அடையாள அட்டை. வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா, சாயங்காலக் காய்ச்சல் இருக்கா, எடை கொறையுதான்னு வரிசையாக் கேட்டுச்சு. இல்ல, இல்ல, இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன். "இதுக்கு முன்னாடி யாருக்காவது வந்திருக்கா மேடம்?"

நான் திரும்பிப் பாத்தேன். அம்மா சோபால உக்காந்து, பொறை எடுத்த கண்ணால ரொம்ப நாள் கழிச்சு கண்ணாடி இல்லாம கிழமை பாத்துட்டு இருந்தாங்க காலண்டர்ல. காதுல மெஷின் இல்ல.

"அம்மா, முன்னாடி டிபி வந்திருக்கான்னு கேக்குறாங்க!"

கேக்கல. "என்னடி?"ன்னாங்க. கிட்டப் போகாம அங்க இருந்தே இன்னும் சத்தமாச் சொன்னேன், எதிர் ஃப்ளாட்டு கதவு தெறந்தே இருந்துச்சு, லிஃப்டுக்கு நின்ன ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க.

அம்மா அந்தப் பொண்ணப் பாத்து, "ஆமாம்மா, எழுவத்தெட்டுல"ன்னு சொல்லிட்டு, என் பக்கம் திரும்பி, "அத ஏண்டி இப்புடி ஊருக்கே கேக்குற மாதிரி கத்துற"ன்னாங்க.